வேர்வை வியாபாரம்

நெற்றி வேர்வை நிலத்தில் விழ உழைக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் பெருமைப்படுத்தியது உழைப்பை, வேர்வையை அல்ல. உழைத்தால் வேர்வை தானாக வந்தது. இப்போது என்னடாவென்றால், உழைப்பு எப்படிப் போனால் என்ன, வேர்வை வந்தால் போதும் என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. அந்தக் கட்சிக்கு ஒரு சீருடையும் இருக்கிறது. அதன் பெயர் ஃப்ளீஸ்.

எனக்கு அந்தப் பெயர் தெரிய வந்ததே என் அக்காள் மகனால்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற பிள்ளை. கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. 80 கிலோ இருப்பான். நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டுப் பாட்டி ஒருத்தி, "மாப்பிள்ளை நன்றாகச் சாப்பிடுவார் போலிருக்கிறது" என்றாள். சபையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மறுநாள் கடைக்குப் போய், தலையை மூடும் குல்லாய் வைத்த தடித்த அங்கி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"இது என்னடா?" என்று கேட்டேன்.

"ஃப்ளீஸ், மாமா."

"ப்ளீஸ் என்று இப்போதே கெஞ்ச ஆரம்பித்துவிட்டாயா? கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறதே!"

"விளையாடாதீங்க மாமா. உள்ளே தொட்டுப் பாருங்க. இதைப் போட்டுக்கிட்டு ஓடினா கொழுப்பு கரைஞ்சு வேர்வையா வந்துடுமாம். கடைக்காரரே சொன்னார்."

தொட்டுப் பார்த்தேன். பூனைக்குட்டியின் வயிறு மாதிரி மெத்தென்று இருந்தது. மாதமோ சித்திரை. ஊரோ சென்னை. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்தக் குற்றத்துக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

நாலாம் நாள் காலை, கடற்கரைச் சாலையில் அவன் விழுந்தான். அருகம்புல் சாறு விற்கிற அம்மாள் ஒருத்தி ஓடிவந்து பார்த்தாளாம். "பஸ் எப்போ வரும்?" என்று அவளிடம் கேட்டிருக்கிறான். பேச்சு நிதானத்தில் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த அங்கியை உரித்துப் போட்டு, நிழலில் இழுத்துக் கிடத்தி, தன் குடத்துத் தண்ணீர் முழுவதையும் தலையிலும் மார்பிலும் கொட்டி, தட்டை எடுத்து விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னாளாம். ஆஸ்பத்திரியில் டாக்டர், "முதலில் செய்ய வேண்டியதை அந்த அம்மாள் செய்துவிட்டாள். இல்லாவிட்டால் வேறு மாதிரி ஆகியிருக்கும்" என்றார். 'வேறு மாதிரி' என்றால் என்ன என்று என் அக்காள் கேட்கவில்லை. கேட்க அவளுக்குத் தைரியமில்லை.

வேர்வை எதற்காக வருகிறது? ஓடும்போது தசைகள் செலவிடுகிற சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டமாகிறது, மிச்சமெல்லாம் சூடாகிவிடுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் உடம்பு தண்ணீரைத் தோலுக்கு அனுப்புகிறது. அந்தத் தண்ணீர் காற்றில் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரிச் சூடு உடம்பை விட்டு இறங்கும். கவனியுங்கள்: ஆவியானால்தான். சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிற வேர்வையாலும், துணியில் ஊறி நிற்கிற வேர்வையாலும் உடம்புக்கு அவ்வளவு உபகாரம் இல்லை. ஃப்ளீஸின் தொழிலோ, தன் ரோமங்களுக்கு நடுவே காற்றைச் சிறைப்பிடித்து உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் காப்பது. சன்னலைச் சாத்திவிட்டு அடுப்பை மூட்டுகிறவனைப் பற்றி நாம் என்ன நினைப்போம்?

"ஆனால் எடை குறைகிறதே ஸார்!" என்பார்கள். குறையும். வெயிலில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோகூடக் குறையலாம். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தால் அந்த ஒரு கிலோ திரும்பி வந்துவிடும். போனது தண்ணீர். கொழுப்பு 'கரையும்' என்று நாம் சொல்கிற வார்த்தையே நம்மை ஏமாற்றுகிறது. உடம்புக் கொழுப்பு வாணலியில் போட்ட நெய் அல்ல, மேலே சூடு வைத்ததும் உருகி வழிவதற்கு. உடம்பு அதை எரித்துச் செலவழிக்கிறது. எரிந்ததில் பெரும்பகுதி கரியமில வாயுவாகி மூச்சோடு வெளியேறுகிறது. கொழுப்பு போகிற வாசல் மூக்கும் வாயும்தான், தோல் அல்ல.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 80 கிலோ மனிதன் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுமார் 80 கிலோகலோரி செலவாகும். ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700. ஆக, ஒரு கிலோ கொழுப்பைச் செலவழிக்க ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். மெரினாவிலிருந்து மகாபலிபுரம் போய்த் திரும்புகிற தூரம் அது! ஒரே நாளில் ஓட வேண்டியதில்லை, மாதக்கணக்கில் ஓடலாம், சோற்றையும் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் எந்த அங்கியும் அந்தத் தூரத்தில் ஒரு முழத்தைக்கூடக் குறைத்துத் தராது.

"குத்துச்சண்டைக்காரர்களும் மல்லர்களும் செய்கிறார்களே?" என்று இன்னொரு கேள்வி. அவர்கள் கொழுப்பைக் குறைக்கச் செய்வதில்லை. போட்டிக்கு முன் தராசில் ஏறி நிற்கும் அந்த நிமிஷத்துக்காகச் செய்கிறார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 1997-ஆம் வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். மூவரும் ஆவி வெளியேறாத உடையைப் போட்டுக்கொண்டு, வேர்த்து எடை குறைப்பதற்காகப் பயிற்சி செய்தவர்கள். 1998 ஜனவரியில் அந்த நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அத்தகைய உடைகளைத் தடை செய்தது. ஃப்ளீஸ் அந்த ரப்பர் உடையைப் போல முழுக்க அடைப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர்ச் சித்திரையில், ஈரம் நிறைந்த கடற்காற்றில், வெற்று உடம்பில் வரும் வேர்வையே சரியாக ஆவியாவதில்லை. அந்த நிலையில் பாதி அடைத்தாலும் ஆபத்துதான்.

இதனால் ஃப்ளீஸ் என்கிற துணியையே நான் திட்டுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. உள்பக்கம் சுரண்டி மெத்தென்று ஆக்கிய பருத்தி அங்கி, கம்பளி உடுப்பின் அரிப்பைத் தாங்க முடியாத அமெரிக்கப் பந்தாட்டக்காரர்களுக்காக 1920-களில் வந்தது. செயற்கை நூல் ஃப்ளீஸை 1979-இல் மாசச்சூஸெட்ஸ் மாகாணத்து லாரன்ஸ் நகரில், மால்டன் மில்ஸ் என்கிற ஆலை உண்டாக்கியது. ஆட்டின் உடம்பில் பிறக்காத கம்பளி அது. எடை குறைவு, தண்ணீரைக் குடிக்காது, நனைந்தாலும் சீக்கிரம் உலரும். பனிமலை ஏறுகிறவர்கள் அதைக் கொண்டாடியதில் ஆச்சரியமில்லை. 1995 டிசம்பரில் அந்த ஆலை தீப்பற்றி எரிந்தபோது, முதலாளி ஏரன் ஃபாயர்ஸ்டைன் வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்தார். பிற்பாடு 2001-இல் ஆலை திவாலாயிற்று. அது வேறு கதை. இப்படிப்பட்ட மனிதர்கள் கைபட்ட சரக்கைக் கேவலமாகப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் குளிருக்குப் பிறந்த சரக்கு அது. குளிர் தேசத்திலும் ஓடத் தெரிந்தவன் சொல்வது என்ன? வாசலில் நிற்கும்போது இதமாக இருந்தால் நீ அதிகம் உடுத்தியிருக்கிறாய். சற்றுக் குளிர வேண்டும். ஓட்டம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பதுதான். உறைபனியில் மெல்லிய ஃப்ளீஸை அணிந்து ஓடுகிறார்கள், உண்மை. தடித்ததை ஓடுவதற்கு முன்னும், ஓடி முடித்து நிற்கும்போதும் போட்டுக்கொள்கிறார்கள். பருத்தி ஃப்ளீஸாக இருந்தால் அதுவும் யோசனைக்குரியது. வேர்வையை உறிஞ்சிக் கனத்துவிடும், பிறகு அந்த ஈரமே குளிரும். நம் திருப்பூரிலும் உள்பக்கம் சுரண்டிய துணியில் அங்கி தைத்துக் கப்பலேற்றுகிறார்கள். தைக்கிற தொழிலாளி அதைப் போட்டுக்கொண்டா தைக்கிறான்? அந்த விவேகம் நமக்கு ஏன் இல்லை?

தினசரி உபயோகத்துக்கு என்றால், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது நல்ல துணை. குளிர்சாதன அறையில் எட்டு மணி நேரம் உட்காருகிறவர்களுக்கும் சௌகரியம். காற்று பலமாக வீசினால் ஊடுருவும். மேலே ஒன்று வேண்டும். அடுப்பருகே செயற்கை ஃப்ளீஸ் ஆகாது. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளை உதிர்த்துத் தண்ணீரில் விடுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அழுக்கானால் துவையுங்கள்; பழக்கத்துக்காகத் துவைக்காதீர்கள்.

இவ்வளவும் துணியைப் பற்றி. என் கோபம் துணியின்மேல் இல்லை. அங்கியை விற்றவன் பொய் சொன்னான். அது அவன் பிழைப்பு. அந்தப் பொய்யை வாங்கும்படி ஒரு பிள்ளையை அனுப்பியது யார்? கூடத்தில் உட்கார்ந்து சிரித்தோமே, நாம்! ஒருவனுடைய உடம்பைச் சபையில் வைத்துச் சிரிப்பது நமக்குப் பேச்சு சுவாரஸ்யம். அவனோ அன்று இரவு கண்ணாடி முன்னால் நிற்கிறான். இரண்டு மாசத்தில் வேறு ஆளாகிவிட வேண்டும் என்று துடிக்கிறான். நிதானமாக ஒரு வருஷம் ஓடு, கொஞ்சம் குறைத்துச் சாப்பிடு என்று சொல்கிறவனின் பேச்சு அப்போது காதில் ஏறுமா? வேர்வையைக் காட்டி வித்தை செய்கிறவனைத்தான் நம்புவான். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பையன் பிழைத்து எழுந்தான். கல்யாணமும் நடந்தது, அதே உடம்போடுதான் மணையில் உட்கார்ந்தான். பெண் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது மெல்லிய கைவைத்த பனியனோடு, வெயில் ஏறுமுன் இருவருமாக ஓடுகிறார்கள். திரும்பும்போது அந்த அம்மாளிடம் சாறு குடிக்கிறார்கள்.

அங்கியை என்ன செய்வது என்று அக்காள் கேட்டாள். தூக்கி எறியச் சொன்னாள். நான் வாங்கிக்கொண்டேன். ராத்திரி ரயிலில், குளிர்சாதனப் பெட்டியின் மேல் பலகையில் படுத்துக்கொண்டு மதுரைக்குப் போகும்போது போட்டுக்கொள்கிறேன். நல்ல அங்கிதான்.