பொருந்தாத இடத்தையும் சேர்த்து வெளியிடுக

கணினி மாதிரியை ஓட்டி அதிலிருந்து உலகைப் பற்றி ஒரு முடிவு சொல்பவர்கள், அந்த மாதிரி உண்மைத் தரவோடு எங்கே ஒத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பொருந்தாமை அடிக்குறிப்பில் ஒதுங்கிவிடாமல், முடிவின் பிழை வீச்சுக்குள்ளேயே கணக்கில் வர வேண்டும். இது எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. மாதிரியைப் பத்தாயிரம் முறை ஓட்டினாலும் குறைவது தற்செயல் பிழை மட்டும்தான். அமைப்பிலேயே கோளாறு இருந்தால், ஓட்ட ஓட்டத் தவறான எண்ணைச் சுற்றி வீச்சு குறுகிக்கொண்டே போகும். பார்ப்பவர் அதைத் துல்லியம் என்று எடுத்துக்கொள்வார்.

காலநிலை அறிவியலில் இது அண்மையில் வெளிப்படையாகவே நடந்தது. கரியமில வாயு இரட்டித்தால் பூமி கடைசியில் எத்தனை டிகிரி சூடாகும் என்ற கேள்விக்கு, புதிய தலைமுறை மாதிரிகளில் சில 5 டிகிரிக்கும் மேல் விடை தந்தன. அவற்றுள் ஒன்று அமெரிக்காவில் உருவான சிஇஎஸ்எம்2. இருபதாம் நூற்றாண்டின் வெப்ப உயர்வை அது ஓரளவு சரியாகவே காட்டியது. அதே மாதிரியை ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்துக்குக் கொண்டுபோனபோது, உலகம் 11 டிகிரிக்கும் மேல் குளிர்ந்திருந்ததாகக் காட்டியது. கடலடிப் படிவுகள் போன்ற சான்றுகள் சொல்வதோ சுமார் 6 டிகிரி. சந்தேகம் மேகங்கள் மீது விழுந்தது: மேகத்துக்குள் பனித்துகளும் உறையாத நீர்த்துளியும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதை மாதிரி கையாண்ட விதத்தின் மீது. ஒரு நூற்றாண்டின் தரவோடு பொருந்துவது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 2021-இல் வெளியான, ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கை, மாதிரிக்கு ஒரு வாக்கு என்று எண்ணிச் சராசரி எடுக்கவில்லை. அளவீடுகள், தொல்காலச் சான்றுகள், இயற்பியல் புரிதல் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டது. அதுவே சரியான வழி என்று கருதுகிறோம்.

எல்லா மாதிரியும் பிழையானதுதானே என்பார்கள். புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸ் அப்படிச் சொன்னது உண்மை. சில பயனுள்ளவை என்றும் அவரே சொன்னார். எதற்குப் பயன் என்ற கேள்வியிலிருந்து தப்பிக்க அவரைத் துணைக்கு அழைப்பது நியாயமில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் புள்ளியியலாளர்களிடமிருந்தே வருகிறது. கென்னடியும் ஓஹேகனும் 2001-இல் முன்வைத்த முறையில் மாதிரியின் குறைக்கென்று தனி உறுப்பு உண்டு. ஆனால் அந்தக் குறை எவ்வளவு, மாதிரியின் அளவுருக்கள் எவ்வளவு என்று தரவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஒப்புக்கொள்கிறோம். அதற்காக அந்த உறுப்பையே விட்டுவிட்டால், குறை பூஜ்யம் என்று அனுமானித்ததாகிவிடும். இருக்கிற அனுமானங்களில் மோசமானது அதுதான்.

குறையைச் சொன்னால் காலநிலை மாற்றத்தையே மறுப்பவர்களுக்கு வசதியாகிவிடும் என்ற அச்சமும் இருக்கிறது. நடந்ததைப் பாருங்கள். கரியமில வாயு இரட்டித்தால் ஏற்படும் வெப்ப உயர்வுக்கு ஐபிசிசி 2013-இல் தந்த 1.5 முதல் 4.5 டிகிரி என்ற வீச்சு, 2021-இல் 2.5 முதல் 4 டிகிரி ஆனது. மேல் எல்லை அரை டிகிரி இறங்கியது. கீழ் எல்லை ஒரு முழு டிகிரி ஏறியது. பெரிதாக ஒன்றும் ஆகாது என்று சொல்லிவந்தவர்கள் நின்ற இடம்தான் பறிபோனது.

ஆகவே, எங்கள் உறுப்பினர்கள் மதிப்பாய்வு செய்யும் கட்டுரைகளில், மாதிரியை உருவாக்கப் பயன்படாத தரவோடு ஒப்பிட்ட சோதனை ஒன்றாவது இருக்க வேண்டும். தோற்ற சோதனைகளையும் கேட்டு வாங்குங்கள்.