பசியாறிட்டுப் பேசலாம்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜொகூர் பாருவில் ஒரு தங்கும் விடுதி மண்டபத்தில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் ஐம்பது சொற்கள் இருந்தன. குடும்பம், நேர்மை, சுதந்திரம், துணிச்சல், பணிவு, வளர்ச்சி என்று அப்படியே போகும். முதலில் பத்தை வட்டமிடச் சொன்னார்கள். பிறகு அதில் மூன்று. கடைசியாக ஒன்று. நான் 'குடும்பம்' என்ற சொல்லை வட்டமிட்டேன். விளக்கைக் குறைத்து, புல்லாங்குழல் இசையைப் போட்டு, அம்மா அப்பா முகத்தை நினைக்கச் சொன்னார்கள். அழுதேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ஆளும் அழுதார்.

"இனிமே எந்த முடிவு எடுத்தாலும் இந்த ஒரு சொல்லக் கேளுங்க. மனசு குழம்பாது. அவசரப்பட மாட்டீங்க" என்றார் மேடையில் இருந்தவர்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால், வாசலில் மேசை போட்டு கார்டு மெஷினோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த கட்டப் பயிற்சி 3,600 வெள்ளி. இன்றைக்கே பதிந்தால் 1,900. வரிசையில் நின்றேன், கார்டைத் தேய்த்தேன். அடுத்த வாரம் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து பணத்தை எடுத்து அந்தக் கடனை அடைத்தேன். அப்பாவின் கண்புரை அறுவைக்கு என்று நான் தொடாமல் வைத்திருந்த பணம் அது. வட்டமிட்ட தாள் அப்போதும் என் பைக்குள்தான் இருந்தது.

கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் மேசை போட்டவர்கள் மேல் இருப்பதைவிட மேடையில் சொல்லப்பட்ட அந்த வாக்கியத்தின் மேல்தான் அதிகம். நம் தன்முனைப்புப் பேச்சாளர்கள் பல வருடங்களாக இதையே சொல்கிறார்கள். ஒருவன் பதறிப்போய்த் தப்பான முடிவெடுப்பது அவனுக்குத் தன் விழுமியம் எதுவென்று தெரியாததால். தெரிந்துகொண்டால் நிதானம் தானாக வந்துவிடும். தமிழ்ப்பள்ளி முகாமில் சொல்கிறார்கள், கோயில் மண்டபத்தில் சொல்கிறார்கள், இப்போது நாற்பது விநாடி வீடியோக்களிலும் சொல்கிறார்கள். இது பொய் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் லாயாங் லாயாங்கில் நான் பார்த்த மோசமான அவசர முடிவுகள் எல்லாமே விழுமியத்தின் பெயரால் எடுக்கப்பட்டவை. மகளுக்கு ஊர் மெச்சக் கல்யாணம் பண்ணவேண்டும் என்று ஆலோங்கிடம் கையெழுத்துப் போட்ட மாமா குடும்பத்தைத்தான் நினைத்தார். பையனை ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் சேர்க்க இருந்த நகையையெல்லாம் ஒரே மாலையில் அடகுக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டு அக்கா கல்வியை நினைத்தார். மேனேஜர் மரியாதையில்லாமல் பேசினான் என்று பதினோரு வருட வேலையை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் விட்ட சித்தப்பா தன்மானத்தை நினைத்தார். இவர்களுக்கா விழுமியம் இல்லை? கழுத்து வரை இருந்தது. கையை மெஷின் பக்கம் தள்ளியதே அதுதான். என்னையும் அன்றைக்கு வரிசையில் நிறுத்தியது பேராசை இல்லை. 'குடும்பத்துக்காக என்னை மாத்திக்கணும்' என்ற அந்தத் தழுதழுப்புதான்.

லாயாங் லாயாங் தெரியாதவர்களுக்கு: குளுவாங்குக்கும் கூலாய்க்கும் நடுவில், ரெங்கத்தைத் தாண்டினால் வரும் சின்ன ரயில் ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், இப்போது செம்பனை. தோட்டத்து லயன்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் தாமான் வீடுகளில் இருக்கிறோம். என்னைப் போன்றவர்கள் சினாய், கூலாய் தொழிற்சாலைகளுக்குப் போகிறோம். இன்னும் கொஞ்சம் தைரியம் உள்ளவர்கள் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு. என் சித்தி மகன் விடியற்காலை மூன்றரைக்கு மோட்டாரை எடுப்பான், வீடு திரும்ப இரவு ஒன்பதாகும். அவன் கைப்பேசியில் வாங்குவதெல்லாம் இரவு பதினொரு மணிக்கு மேல்தான். ஒருநாள் ஒரு புது மோட்டாருக்கே முன்பணம் கட்டிவிட்டுத் தூங்கிப்போனான். மறுநாள் செய்தியைப் பார்த்துவிட்டு, "நானாண்ணே கட்டினேன்?" என்று என்னிடமே கேட்டான். இவனிடம் போய் ஐம்பது சொல் தாளை நீட்டி என்ன செய்ய?

இதைப் பற்றித் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். 2013இல் 'சயன்ஸ்' இதழில் அது வெளிவந்தது. கரும்புக்காரருக்குக் காசு வருவது அறுவடைக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய மாதங்களில் அடகும் கடனும். அறுவடைக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை, ஒரே ஆளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். முன்பு மோசமாகச் செய்தவர்களே பின்பு நன்றாகச் செய்தார்கள். பணமுடை மனதுக்குள் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, யோசிக்க மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. அறுவடைக்கு முந்தைய மாதத்தில் அந்த விவசாயியின் விழுமியம் தொலைந்துபோயிருந்ததா என்ன? ஆள் அதே ஆள்தான், பொழுதுதான் வேறு.

வள்ளுவர் தெரிந்துசெயல்வகைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவர், காலமறிதலுக்கும் இடனறிதலுக்கும் தனித்தனியாக ஒதுக்கியிருக்கிறார். நம் பேச்சாளர்கள் முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள்.

பாட்டி ஆய்வு எதையும் படித்ததில்லை. வீட்டில் யார் எந்தப் பெரிய விஷயத்தை ராத்திரியில் ஆரம்பித்தாலும், "காலைல பசியாறிட்டுப் பேசலாம்" என்று பாயை உதறி விரித்துவிடுவார். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு.) எத்தனையோ சண்டைகள், கல்யாணப் பேச்சுகள், ஒரு நிலம் வாங்கும் யோசனை எல்லாம் அந்தப் பாயில் படுத்துத் தூங்கியிருக்கின்றன. பாட்டிக்குத் தைரியம் பத்தாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

இனி தாத்தா காலத்துக்குப் போகிறேன். நாடு சுதந்திரம் அடைந்ததை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் வரலாற்றில் பெயர் பெற்றது இதுதான். உங்கு அஸீஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை மட்டும் ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். தோட்டம் போனால் வேலை மட்டும் போகாது. லயன் வீடு போகும், பள்ளிக்கூடம் போகும், கோயிலும் போகும். பதறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் நமக்கு யாருக்கும் வந்ததில்லை. அந்த நேரத்தில், 1960இல், அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

இந்தக் கதையை மேடையில் சொல்லும்போது ஒற்றுமை என்பார்கள், தியாகம் என்பார்கள், சம்பந்தனின் தொலைநோக்கு என்பார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்த 10 வெள்ளியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். பால்வெட்டுக் கூலியில் அது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் ஒரு பெரிய முடிவைப் பத்துத் துண்டாக்கிக் கையில் கொடுத்த ஏற்பாடு அது. கூட்டத்தில் பேச்சைக் கேட்டு உணர்ச்சிவசப்பட்டுக் கையைத் தூக்கியவன், அடுத்த மாதம் சம்பளத்தன்று உணர்ச்சி வடிந்த நிலையில் மறுபடி முடிவெடுக்கவேண்டும். அதற்கடுத்த மாதமும். வேண்டாம் என்று நினைத்தால் 20, 30 வெள்ளியோடு நின்றுகொள்ளலாம், வீடு கவிழாது. தாத்தா கட்டினார். நாலாவது மாதம் கட்டவில்லை, பாட்டிக்குப் பிரசவம். அடுத்த மாதத்திலிருந்து மறுபடி கட்டினார். எங்கள் தோட்டத்தைச் சங்கம் வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

1984இல் அதே சமுதாயத்திடம் இன்னொரு முறை பணம் கேட்டார்கள். ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ். சுமார் 66,000 பேர் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் உண்டு, கடன் வாங்கிப் போட்டவர்கள் உண்டு. 26 வருடம் கழித்து, 2010இல், ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு என்று விலை பேசி அந்தக் கதையை முடிக்கவேண்டி வந்தது.

வாங்கியவர்கள் மேல் பழி போட நான் இதைச் சொல்லவில்லை. போட்ட பணம் என்ன ஆனது என்பதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் பணத்தைக் கையில் வைத்திருந்தவர்கள். சங்கத்துக்கும் அதன் பிற்கால விமர்சனங்கள் உண்டு. நான் பார்ப்பது ஒன்றை மட்டும்தான்: 1960இல் கேட்கப்பட்ட விழுமியமும் 1984இல் கேட்கப்பட்ட விழுமியமும் ஒன்றே. சமுதாயம் முன்னேறவேண்டும், பிள்ளைகள் நம்மைப் போல் கஷ்டப்படக் கூடாது. அந்த விழுமியம் எவரையும் அடகுக்கடை வாசலில் தடுத்து நிறுத்தவில்லை. அடகுக்கடைக்கு வழி காட்டியதே அதுதான்.

சரி, அதெல்லாம் பழைய கதை என்பீர்கள். கொரோனா காலத்துக்கு வருவோம். 2020 முதல் 2022 வரை ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு 10,000 வெள்ளி சிறப்பு மீட்பு என்று நான்கு முறை சேமநிதியைத் திறந்துவிட்டார்கள். 14,500 கோடி வெள்ளி வெளியே போனது. அதில் அரிசிக்கும் வாடகைக்கும் போன பணம் நிறைய. அதை எடுத்தவர்களை அவசரக்காரர்கள் என்று சொல்கிறவன் பசித்ததில்லை. ஆனால் 2024 மே 11 முதல் மூன்றாம் கணக்கு வந்துவிட்டது. சந்தாவில் பத்து விழுக்காடு அதில் விழும், 50 வெள்ளி இருந்தால் போதும், கைப்பேசியிலேயே எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். இரவு பதினொரு மணிக்கும் கேட்கலாம். ஒருபக்கம் இப்படி ஒரு கதவு, இன்னொரு பக்கம் ஆறு மாதத் தவணையில் எதையும் வாங்கச் சொல்லும் செயலிகள். நடுவில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தனிடம், "உன் விழுமியம் என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டு 1,900 வெள்ளி வாங்கிக்கொள்கிறார்கள்.

எனக்கு இப்போது தெரிவது இவ்வளவுதான். பணிவு, துணிச்சல் என்று வட்டமிடுவதால் ஒன்றும் நடக்காது. நான் மூன்றாம் கணக்கில் இருப்பதை வருடம் ஒருமுறை இரண்டாம் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன், திரும்ப எடுக்கமுடியாது. கார்டு அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. கேட்டால் கொடுப்பார், ஆனால் எதற்கு என்று கேட்பார். 200 வெள்ளிக்கு மேல் எதுவானாலும் பசியாறின பிறகு. கேலியாக இருக்கிறதா? நண்பர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். முப்பத்தொரு வயது ஆம்பள அம்மாகிட்ட கார்டு கேக்குறான். சிரிக்கட்டும். தன் முடிவைத் தானே, தனியாக, அந்தக் கணத்திலேயே எடுப்பவன்தான் சுதந்திரமானவன் என்று நம்மிடம் சொன்னது யார்? கார்டு மெஷின் வைத்திருப்பவர்கள்தான்.

அப்பா விஷயம். நான் சொல்லாமலே இருந்தேன். தனியாரில் பண்ணலாம் என்று நானே சொல்லிவைத்திருந்ததால், "எப்படா?" என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி விடு. இன்னொரு கண்ணு நல்லாதானே இருக்கு" என்றார். அரசாங்க மருத்துவமனையில் பெயர் கொடுத்து, ஏழு மாதம் கழித்துச் செய்தோம். அந்த ஏழு மாதமும் அவர் இருட்டின பிறகு மோட்டார் எடுக்கவில்லை. தைப்பூசத்துக்கும் போகவில்லை.

இதை இலக்கிய இதழில் எதற்கு எழுதுகிறாய் என்று கேட்கலாம். நம் ஆட்களைப் பார்த்துத்தான். ஒரு எழுத்தாளர் முகாம் முடிந்து வரும் பஸ்ஸிலேயே வேலையை விட்டுவிட முடிவெடுத்தவர்களை எனக்குத் தெரியும். சொந்தக் கடனில் முந்நூறு பிரதி அடித்து, கட்டிலுக்கடியில் இருநூற்றெண்பதை வைத்திருப்பவரைத் தெரியும். அவர்களிடம் கேட்டால் இலக்கியம் என் விழுமியம் என்பார்கள். எனக்கும்தான்.

போன மாதம் ஒரு நண்பன் கூப்பிட்டான். நல்ல சிறுகதைக்காரன், என்னைவிட நன்றாக எழுதுவான். பினாங்கில் இரண்டு நாள் முகாம் போய்விட்டு வந்திருந்தான். ராஜினாமா கடிதம் எழுதிவிட்டானாம், இனி முழுநேர எழுத்து, நாவல். மணி பன்னிரண்டு இருக்கும். "அனுப்பிட்டியா?" என்றேன். "இல்ல, படிச்சுக் காட்டலாம்னு" என்றான். "இப்ப படிக்காதடா. பத்து மாசம் தினமும் ஒரு பக்கம் எழுது. மாசக் கடைசில எனக்கு அனுப்பு. பத்தாவது மாசமும் அனுப்பினேன்னா நானே அந்தக் கடிதத்த டைப் பண்ணித் தர்றேன்" என்றேன். நீயும் ஒரு கிராணியாயிட்ட என்று திட்டிவிட்டு வைத்துவிட்டான்.

இன்னும் பேசவில்லை. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். போன 30ஆம் தேதி மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்தது. வணக்கம் இல்லை, விவரம் இல்லை. இருபத்தாறு பக்கம். நாலு நாள் விட்டிருக்கிறான்.