சமைக்க மட்டும்தான் தெரியும்



சுயதொழில் உதவிக்கான படிவங்களை நிரப்பிக் கொடுக்க ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். "உங்களுக்குத் தெரிந்த தொழில் என்ன?" என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். "ஒரு தொழிலும் தெரியாது பிள்ளை, சமைக்க மட்டும்தான் தெரியும்" என்றார். நானும் அந்தக் கட்டத்தில் "தொழில் இல்லை" என்று எழுதிவிட்டேன். பெண்களின் கணக்கில் வராத உழைப்பைப் பற்றிச் சமூகவியல் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அப்படியிருந்தும் என் கை அப்படித்தான் எழுதியது.

அந்தப் பிழையை எனக்கு உணர்த்தியது ஒரு சட்டி மீன்கறி. பயிற்சிநெறி ஒன்றில் என்னோடு தங்கியிருந்த பிரேசில் நாட்டுப் பெண்ணொருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தனது ஊர்ச் சமையலைச் செய்து காட்டினார். அவரது ஊர் பாகியா மாநிலத்தின் சல்வடோர் நகரம். கறியின் பெயர் மொக்கேக்கா. அன்று பழகியதை இன்றும் இடைக்கிடை வீட்டில் சமைக்கிறேன்.

முள் குறைந்த, சதைப்பிடிப்பான மீன் ஒரு கிலோ வேண்டும். அறுக்குளா, பாரை இரண்டும் நல்லவை. தடித்த துண்டுகளாக வெட்டி, இரண்டு தேசிக்காயின் புளி, நசுக்கிய உள்ளி நான்கைந்து பல்லு, உப்பு சேர்த்துப் பிரட்டி அரை மணித்தியாலம் வையுங்கள். மண்சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, வளையமாக வெட்டிய வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் ஆகியவற்றைப் பரப்புங்கள். அதன்மேல் மீன், மீண்டும் அதே மரக்கறிகள், மேலே கொத்தமல்லி இலை. இரண்டு கோப்பை கட்டிப் பாலை ஊற்றி மூடி, மெல்லிய நெருப்பில் இருபது நிமிடமளவில் விடுங்கள். தண்ணீர் விடத் தேவையில்லை, மரக்கறிகளே சாறு விடும். அகப்பை போட்டால் மீன் உடையும், சட்டியைப் பிடித்து ஆட்டிவிட்டால் போதும். இறால் சேர்ப்பதென்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள்.

தூளும் இல்லை, பழப்புளியும் இல்லை. நமது மீன் சொதியின் தூரத்து உறவு போல இருக்கும். ஆனால் பாகியாவில் இறக்குவதற்கு முன் "டெண்டே" என்ற சிவந்த பாம் எண்ணெயை விடுவார்கள். நிறமும் மணமும் அதில்தான் இருக்கின்றன. நான் தேங்காயெண்ணெயில் சிறிது மஞ்சள் கலந்து விடுவேன். நிறம் ஓரளவு வரும், அந்த மணம் வராது.

அந்த எண்ணெய்க்கு ஒரு வரலாறு உண்டு. சல்வடோர் 1549 முதல் 1763 வரை போர்த்துக்கேயர் ஆட்சியில் பிரேசிலின் தலைநகராக இருந்தது. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் பெருந்தொகையாக அங்கே அடிமைகளாக இறக்கப்பட்டார்கள். டெண்டே எண்ணெய் தரும் மரமும் ஆபிரிக்காவினுடையதே. ஊரையும் உறவையும் பேரையும்கூட இழந்து வந்த பெண்களிடம் எஞ்சியிருந்தது கைப்பக்குவம்தான். புதிய கடலின் மீனுக்குள் அவர்கள் தமது ஊரின் சுவையை வைத்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. தெருவில் சமைத்த உணவும் பழமும் விற்ற பெண்களைக் "கன்யதேய்ராஸ்" என்று அழைத்தார்கள். உழைப்பில் குறித்த தொகையை எசமானுக்குக் கட்டவேண்டும். மிஞ்சியதைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தமது விடுதலையையே விலைகொடுத்து வாங்கியவர்கள் அவர்களுள் இருந்தார்கள். தனக்குச் சொந்தமான உயிருக்கே விலை கொடுக்க நேர்ந்த கொடுமை அது. அந்த விலையைக் கட்டியதில் அடுப்பின் பங்கும் இருந்தது. பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888இல்தான்.

இந்தக் கறிக்கு இன்னொரு வகையும் உண்டு. எஸ்பிரித்து சாந்து மாநிலத்தில் தேங்காய்ப்பாலும் டெண்டேயும் சேர்க்கமாட்டார்கள். ஒருவகைச் செந்நிற விதையால் நிறமேற்றுவார்கள். கறுத்த மண்சட்டியில் சமைத்து அந்தச் சட்டியோடேயே பரிமாறுவார்கள். அச்சட்டிகளை அம்மாநிலத் தலைநகர் விற்றோரியாவின் கோயாபெய்ராஸ் பகுதியில், பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். பூர்வகுடிகளிடமிருந்து வந்த இந்தக் கலை தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வருகிறது. சக்கரம் இல்லாமல் கையால் வனைந்து, கல்லால் தேய்த்து மினுக்கி, திறந்த வெளியில் சுடுகிறார்கள். சூடு ஆறுமுன் கண்டல் மரப்பட்டைச் சாயத்தை அடித்துக் கறுப்பாக்குகிறார்கள். கண்டல் பட்டை அவித்து வலைக்குச் சாயமேற்றிய காலம் நமது கரையோர முதியவர்களுக்கும் நினைவிருக்கும்.

இப்பெண்கள் 1987இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். 2002ஆம் ஆண்டு பிரேசில் அரசு தனது நாட்டின் வாழும் மரபுகளைப் பதிவேட்டில் பதியத் தொடங்கியபோது, முதலாவதாகப் பதிந்தது இந்தச் சட்டி செய்யும் தொழிலைத்தான். ஆம், தொழில் என்றே பதிந்தார்கள்.

அந்தச் செய்தியை அறிந்தபோது எனக்கு அந்த அம்மாவின் படிவம் நினைவுக்கு வந்தது. அடுத்த முறை போனபோது அவர் பக்கத்தில் இருந்து ஆறுதலாகக் கேட்டேன். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பொதுச் சமையலில் நூறு பேருக்கு விறகடுப்பில் சமைத்திருக்கிறார். அரிசியும் பருப்பும் எத்தனை கொத்து, எவ்வளவு விறகு என்ற கணக்கெல்லாம் மனப்பாடம். கருவாடு போடவும் ஊறுகாய் போடவும் தெரியும். "இதெல்லாம் தொழிலா பிள்ளை?" என்று சிரித்தார்.

பழைய சொல்லை வெட்டிவிட்டு, அவர் சொன்னதையெல்லாம் அந்தக் கட்டத்தில் எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். உதவி உடனே கிடைத்துவிடவில்லை, அலைய வேண்டியிருந்தது. என்றாலும், ஒன்றும் தெரியாதவர் என்று அவரைப் பற்றி ஒரு தாள் இனிச் சொல்லாது.

சகோதரிகளே, அடுத்த முறை யாராவது படிவத்தோடு வந்து கேட்டால், அந்த "மட்டும்" என்ற சொல்லை விட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். எழுதுபவர் எழுதாவிட்டால், எழுதச் சொல்லுங்கள். அன்று நான் எழுதாமல் விட்டதுபோல இன்னொருவரும் விடக்கூடும்.