எங்கே நிக்கிறே தங்கச்சி?

இந்த வாரம் வந்த மெயில்களில் ஒண்ணு மட்டும் என்னைத் தூங்கவிடலை. அதை அப்படியே தர்றேன், படிங்க.

"அக்கா, நான் பி.காம். செகண்ட் இயர். ஸ்கூல்ல கிரிக்கெட் ஆடிட்டு இருந்தேன். காலேஜ்ல பி.டி. மேடம் சாஃப்ட்பால் டீம்ல சேர்த்துட்டாங்க. ஃபீல்டிங் ஓகே. பேட்டிங்தான் செம சொதப்பல். கடைசி மூணு மேட்ச்ல ஒன்பது தடவை பேட் பிடிச்சேன். ஆறு தடவை ஸ்ட்ரைக் அவுட். மேடம் 'பின்னாடி தள்ளி நில்லு'ங்கிறாங்க. கேப்டன் 'முன்னாடி ஏறி நில்லு'ங்கிறா. ரெண்டு பேருக்கும் பொதுவா நடுவுல நிக்கிறேன். அடுத்த மாசம் யுனிவர்சிட்டி டீம் செலக்‌ஷன். நான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சேர்ந்தவ. டீம்ல இருந்து தூக்கிட்டா ஃபீஸ் சலுகை போயிடும். அப்பாகிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. எங்கேதான்க்கா நிக்கிறது?"

பேர் போட வேண்டாம்னு கேட்டிருந்தாள். போடலை.

முதல்ல ஒரு நல்ல சேதி. உங்க மேடம் சொன்னதும் சரி, கேப்டன் சொன்னதும் சரி. 'எந்த பிட்சருக்கு?' என்ற கேள்வியை மட்டும் யாருமே கேட்கலை. ரெண்டு பேர் மனசும் நோகக் கூடாதுன்னு நடுவுல நின்னியே, அதுதான் தங்கச்சி தப்பு!

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேட்பீங்க. காலேஜ்ல மூணு வருஷம் நான் கேட்ச்சர். பேட்டருக்குப் பின்னாடி குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்த ஜென்மம். வர்றவங்க முகத்தைவிட அவங்க ஷூவைத்தான் அதிகம் பார்த்திருக்கேன். கால் எங்கே நிக்குதுன்னு பார்த்துட்டுத்தான், எங்க பிட்சருக்கு விரல்ல சிக்னல் காட்டுவேன்.

பெட்டிக்கு ஒரு கணக்கு

சாஃப்ட்பால் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷ அறிமுகம். 1887-ல் சிகாகோவில் ஒரு படகு கிளப்புக்குள்ளே, பாக்ஸிங் கிளவுஸைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடிச்சு ஆரம்பிச்ச விளையாட்டு இது. பேஸ்பாலின் தங்கச்சி. பந்து பெரிசு, மைதானம் சின்னது, பிட்சர் பந்தைத் தோளுக்கு மேலே வீசாமல் இடுப்புக்குக் கீழே கையைச் சுழற்றி எறிவார். பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடிதான்.

அந்த பிளேட்டுக்கு ரெண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோட்டில் ஒரு பெட்டி போட்டிருப்பாங்க. பேட்டர்ஸ் பாக்ஸ். நீளம் 7 அடி, அகலம் 3 அடி. உள்பக்கக் கோட்டுக்கும் பிளேட்டுக்கும் இடைவெளி 6 அங்குலம். பிளேட்டின் நடுவிலிருந்து பிட்சர் பக்கம் 4 அடி, கேட்ச்சர் பக்கம் 3 அடி. இந்த 7 அடியும் உங்களுக்கே பட்டா போட்டுக் கொடுத்த நிலம். ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? முதல் நாள் பிராக்டீஸ்ல எந்த இடத்துல கால் வெச்சாங்களோ, ஃபேர்வெல் வரைக்கும் அங்கேயே நிக்கிறாங்க.

கிரிக்கெட்டில் இந்தத் தப்பைப் பண்ண மாட்டீங்க. வேகப்பந்துன்னா கிரீஸுக்குள்ளே ஆழமாப் போவீங்க. பந்து ஸ்விங் ஆனா ஒரு அடி வெளியே வந்து நிப்பீங்க. அதே மூளைதான் இங்கேயும். பேட் மாறினா மூளையைக் கழட்டி வெச்சிடணும்னு யார் சொன்னது?

மேடம் சொன்ன இடம்

பிட்சர் வேகமா எறியறாங்க, உங்க பேட் பந்து போன பிறகுதான் சுத்துது. அப்போ பின்னாடி போகணும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்து. பிட்சர் முன்னாடி எம்பி வந்து விடுவதால், பந்து பறக்கும் தூரம் சுமாரா 11 மீட்டர். அதாவது உங்க கையில் இருப்பது அரை நொடி. 2 அடி பின்னால் போனால் கூடுதலாகக் கிடைப்பது நொடியில் நூற்றில் மூணு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. 'ப்பூ, இவ்வளவுதானா'ன்னு தோணும். ஆனா மொத்தமே அரை நொடிதான் எனும்போது இது இருபதில் ஒரு பங்கு. லேட்டாச் சுத்தி ஃபவுல் ஆகற பந்துக்கும், நேரா பறக்கிற பந்துக்கும் உள்ள வித்தியாசம் பல சமயம் இவ்வளவுதான்.

அந்த அரை நொடி எவ்வளவு மோசமானதுன்னா... 2004-ல் அமெரிக்காவில் ஒரு காட்சி ஆட்டம். ஒலிம்பிக் சாஃப்ட்பால் பிட்சர் ஜென்னி ஃபிஞ்ச், பேஸ்பால் சூப்பர் ஸ்டார்களுக்குப் பந்து எறிஞ்சாங்க. ஆல்பர்ட் புஜோல்ஸ், மைக் பியாஸா... பேரைக் கேட்டாலே பேஸ்பால் பிட்சர்கள் நடுங்கற ஆளுங்க. எல்லாரும் ஸ்ட்ரைக் அவுட்! அவங்க கைவேகத்துல குறை இல்லை. கீழே இருந்து அப்படிக் கிளம்பி வர்ற பந்தை அவங்க கண்ணுக்குப் பழக்கமில்லை. புஜோல்ஸே பல்பு வாங்கின இடத்துல, ஆறு ஸ்ட்ரைக் அவுட்டுக்கு நீ அழறது ஓவர் இல்லையா?

கேப்டன் சொன்ன இடம்

இப்போ இன்னொரு பிட்சர். வேகம் சுமார்தான். ஆனா பிளேட் கிட்ட வந்ததும் பந்து பொத்துன்னு கீழே இறங்கும். டிராப் பால். நம்ம ஊர் போட்டிகளில் பாதிப் பேர் அவுட் ஆவது இதுலதான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பந்து ஸ்ட்ரைக்கா இல்லையான்னு அம்பயர் பார்ப்பது பிளேட்டுக்கு மேலே. நீங்க எங்கே நிக்கிறீங்க என்பதை வெச்சு இல்லை. டிராப் பால் பிளேட் மேல முழங்கால் உயரத்தில் போகும். அது ஸ்ட்ரைக். நீங்க பெட்டியோட கடைசியில் நின்னா, உங்களிடம் வந்து சேரும்போது அது கணுக்கால் உயரம். கணுக்காலுக்கு வர்ற பந்தை எந்தச் சூரரும் ஒழுங்கா அடிக்க முடியாது. அடிக்காம விட்டாலும் ஸ்ட்ரைக், அடிச்சாலும் தரையில் உருளும். கேட்ச்சரா இருந்தப்போ, பின்னாடி ஆணி அடிச்ச மாதிரி நிக்கிற பேட்டரைப் பார்த்தாலே எனக்கு குஷி. டிராப், டிராப், டிராப். 'அடுத்த ஆள் வாம்மா!'

ஆக, மெதுவான பிட்சரா, பந்து கடைசியில் இறங்குதா, வளையுதா? முன்னாடி ஏறுங்க. அது வேலையைக் காட்டறதுக்கு முன்னாடியே அடிச்சிடுங்க. பன்ட் பண்றதுக்கும் முன்னாடி இடம்தான் வசதி. பிளேட்டைத் தாண்டிப் பந்தைத் தொட்டால், அது ஃபவுல் கோட்டுக்கு வெளியே போகும் வாய்ப்பு குறையும்.

ரைஸ் பாலுக்கு? மேலே ஏறி வர்ற மாதிரி தெரியும் பந்துக்கு எங்கே நின்னாலும் பெரிய பலன் இல்லை. நெஞ்சுக்கு மேலே போனா கும்பிடு போட்டு விட்டுடுங்க.

இன்னொரு ரகசியம். காலையில் எறிஞ்ச அதே பிட்சர் மதியம் அதே பிட்சர் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ ரெண்டே நாளில் மூணு மேட்ச், 413 பந்து எறிஞ்சு, அமெரிக்காவை ஃபைனலில் 3-1 என்று கவிழ்த்துத் தங்கம் வாங்கினாங்க. அது உவேனோ! நம்ம டோர்னமென்ட்டில் ஒரே பொண்ணு காலையில் ஒரு மேட்ச், மதிய வெயிலில் இன்னொரு மேட்ச் எறியும். அஞ்சாவது இன்னிங்ஸில் தோள் இறங்கும், வேகம் குறையும். அப்பவும் காலையில் நின்ன இடத்திலேயே நிப்பீங்களா?

ஒட்டியா, எட்டியா?

முன்-பின் சரி. பிளேட்டை ஒட்டி நிக்கிறதா, தள்ளி நிக்கிறதா? இதுக்கு யார் கிட்டேயும் கேட்க வேண்டாம். பேட் பிடிச்சு, லேசாக் குனிஞ்சு, பேட் நுனியால் பிளேட்டின் அந்தப் பக்க ஓரத்தைத் தொட்டுப் பாருங்க. நுனி அந்த ஓரத்தைக் கொஞ்சம் தாண்டினா சரியான இடம். எட்டலைன்னா, வெளிப்பக்கம் வர்ற ஸ்ட்ரைக்கை அடிக்கிற தகுதியே உங்களுக்கு இல்லைன்னு கேட்ச்சருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. ரொம்ப ஒட்டினா, உள்ளே வர்ற பந்து கைப்பிடியில் பட்டு, கை ரெண்டும் ஜிவ்வுன்னு இழுக்கும். அனுபவம் பேசுது!

நான் அழுத கதை

'இவ்வளவு தெரிஞ்ச அக்கா பெரிய பேட்டரா இருந்திருப்பாங்க'ன்னு நினைக்காதீங்க. கதை கேளுங்க.

ஒரு இன்டர்-காலேஜ் ஃபைனல். ஏழாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ். நாங்க ஒரு ரன் பின்னாடி. ரெண்டு அவுட். செகண்ட் பேஸிலும் தேர்ட் பேஸிலும் எங்க ஆளுங்க. பேட்டிங் நான். எதிர் டீம் பிட்சர் டிராப் ஸ்பெஷலிஸ்ட். முதல் ரெண்டு சான்ஸிலும் என்னைக் காலி பண்ணிட்டா. இந்த முறை புத்திசாலித்தனமா முன்னாடி ஏறி நின்னேன். பந்து வந்துச்சு. இறங்கறதுக்கு முன்னாடி விட்டேன் ஒரு வீச்சு. லெஃப்ட் ஃபீல்டர் தலைக்கு மேலே பறந்தது. ரெண்டு பேரும் ஓடி வந்தாங்க. எங்க காலேஜ் மொத்தமும் மைதானத்துக்குள்ளே!

பின்னாடி திரும்பினா, அம்பயர் கையைத் தூக்கி நிக்கிறார். அவுட்.

அடிக்கும்போது முன் காலை எட்டி வெச்சேன் இல்லையா, அந்தக் கால் முழுசாப் பெட்டிக்கு வெளியே. பந்து பேட்டில் படும் நேரத்தில் பாதம் முழுக்கக் கோட்டுக்கு வெளியே தரையில் இருந்தா பேட்டர் அவுட். அந்த ரெண்டு ரன்னும் செல்லாது. மேட்ச் ஓவர்.

"கோடே இல்லையே சார்!"ன்னு கத்தினேன். காலையிலிருந்து மூணு மேட்ச் நடந்த மைதானம், சுண்ணாம்பு போன இடம் தெரியலை. அவர் நிதானமாச் சொன்னார்: "கோடு அழிஞ்சாலும் பெட்டி அழியாதும்மா."

எங்க பி.டி. சார் ஒண்ணும் பேசாம பேட்டைத் தரையில் போட்டு அளந்து காட்டினார். பிளேட்டின் முன் விளிம்பிலிருந்து முன்கோடு வரைக்கும் 34 அங்குல பேட் ஒண்ணு, அதுக்கு மேல அரைச் சாணும் கொஞ்சமும். என் ஷூ தடம் அதையும் தாண்டி இருந்தது. அம்பயர் மேல் தப்பே இல்லை. பஸ்ஸில் ஊர் வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிட்டு அழுதேன். பக்கத்து சீட் பொண்ணு கடலைமிட்டாய் நீட்டினா. வாங்கிச் சாப்பிட்டுட்டு மறுபடி அழுதேன்.

முன்னாடி போனது தப்பில்லை. எட்டு வைக்க இடம் விடாமல் போனதுதான் தப்பு. ஓடிக்கிட்டே பந்தைத் தட்டுற இடதுகை ஸ்லாப்பர்களுக்கு இது இன்னும் பெரிய கண்டம். இடதுகைப் பெட்டி முதல் பேஸுக்குக் கிட்ட இருக்கிறதால அவங்களுக்கு ஒரு எட்டு லாபம்தான். அதுக்காக அவசரப்பட்டா என் கதிதான்.

இந்த வார ஹோம்வொர்க்

* பேட்டிங் வரும் வரை பெஞ்சில் அரட்டை அடிக்காதீங்க. எதிர் பிட்சரின் முதல் பத்துப் பந்தைப் பாருங்க. வேகமா, இறக்கமா, களைப்பா? மூணே கேள்வி.

* பெட்டிக்குள் போனதும் பேட்டைத் தரையில் வெச்சு முன்கோட்டை அளங்க. அதுக்குள்ளே உங்க எட்டு முடியணும். கோட்டை ஷூ தொட்டுட்டு இருந்தால் பிரச்னை இல்லை, கோடும் பெட்டியில் சேர்த்திதான்.

* பிராக்டீஸில் ஒரே பிட்சரிடம் பின்னாடி பத்து, நடுவில் பத்து, முன்னாடி பத்து அடிங்க. ஃப்ரெண்டை விட்டுப் பக்கவாட்டில் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்க. உங்க கால் எங்கே விழுதுன்னு அது சொல்லும்.

* இடம் மாத்தறதைக் கேட்ச்சருக்குத் தண்டோரா போடாதீங்க. ஒவ்வொரு பந்துக்கும் அரையடி நகர்ந்தால் போதும். எங்க இனம் ரொம்ப விவரம், பார்த்துட்டே இருக்கும்!

கடைசியா என் தங்கச்சிக்கு. நாளைக்கே மேடம்கிட்ட போய், "மேடம், இந்த பிட்சருக்கு எங்கே நிக்கட்டும்?"னு கேளு. அந்தக் கேள்வியைக் கேட்கிற பொண்ணை எந்த மேடமும் சுலபமா டீமை விட்டுத் தூக்க மாட்டாங்க. செலக்‌ஷன் நம்ம கையில் இல்லை. கால் எங்கே வைக்கிறோம் என்பது நம்ம கையில்தான்... சரி, காலில்தான் இருக்கு. அப்பாகிட்டயும் இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வெச்சிடு. ஆறு ஸ்ட்ரைக் அவுட்டைத் தனியாச் சுமந்துட்டு பெட்டிக்குள் போனா, பேட் கனமாத்தான் இருக்கும்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்ப வருது. டி.வி.யில் பார்க்கும்போது பந்தை விட்டுட்டு, ஒரு ஓவரு... ஸாரி, ஒரு இன்னிங்ஸ் மட்டும் பேட்டர்களின் ஷூவைப் பாருங்க. அப்புறம் உங்களால வேற எதையும் பார்க்க முடியாது.

செலக்‌ஷன் முடிஞ்சதும் எனக்கு மெயில் போடு தங்கச்சி. ஜெயிச்சாலும் போடு, தோத்தாலும் போடு. மத்தவங்களை அடுத்த வாரம் பார்க்கிறேன். டாட்டா!