இலையைத் திருப்பிப் பாருங்கள்

இலையைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்தாற் போதும், அது எந்தச் செடி, அதற்கு என்ன நோய் என்பதைக் கணினி 99 வீதம் சரியாகச் சொல்லிவிடும் என்ற செய்தியை வாசகர்கள் பலமுறை படித்திருப்பீர்கள். அத்தகைய செய்திகளுக்குத் தலைப்பிட்டவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்தக் கண்டனத்தின் முதற்பங்கு எனக்கே உரியது.

அந்த 99 எங்கிருந்து வந்தது? 2016இல் சுவிற்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய ஆய்வாளர் மூவர், 'பிளான்ட்வில்லேஜ்' என்னும் தொகுப்பிலுள்ள 54,306 இலைப் படங்களைக் கொண்டு கணினியைப் பயிற்றினார்கள். 14 பயிர்கள், 26 நோய்கள். பயிற்சிக்குப் பயன்படுத்தாது ஒதுக்கி வைத்த படங்களைக் காட்டியபோது கணினி 99.35 வீதம் சரியாகச் சொன்னது. பெரிய சாதனைதான். ஆனால் அதே கட்டுரையில் இன்னோர் எண்ணும் உண்டு. வேறு சூழலில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டியபோது சரியான விடைகள் சுமார் 31 வீதமாக வீழ்ந்தன. ஆய்வாளர்கள் இதனை மறைக்கவில்லை, எழுதியே வைத்தார்கள். 99ஐ எடுத்துக்கொண்டு 31ஐக் கைவிட்டவர்கள் பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள்தான்.

ஏன் இந்த வீழ்ச்சி? அந்தத் தொகுப்பின் இலைகள் பறிக்கப்பட்டு, ஒரு தாளின் மீது வைத்துப் படம் பிடிக்கப்பட்டவை. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இப்படங்களின் பின்னணியிலிருந்து வெறும் 8 படப்புள்ளிகளை மட்டும் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தது. அவற்றில் இலையே இல்லை. அப்படியிருந்தும் 49 வீதம் சரியான விடை கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் 3 வீதங்கூடக் கிடைத்திராது. அதாவது, கணினி இலையைப் படித்ததோடு தாளையும் வெளிச்சத்தையும் சேர்த்தே படித்திருக்கிறது. வன்னியின் தக்காளித் தோட்டத்தில் அந்தத் தாளும் இல்லை, அந்த வெளிச்சமும் இல்லை. அங்கே இருப்பது புழுதி படிந்து, பூச்சி அரித்து, பக்கத்து இலையின் நிழல் விழுந்த இலை. தவறான விடையை நம்பி மருந்து தெளிப்பவனுக்குப் பணமும் போகும், பயிரும் போகும்.

செடியை இனங்காண்பதையும் பார்ப்போம். செங்கண்மாரி என்றதும் எங்கள் ஊர்களில் கீழ்க்காய்நெல்லியைத் தேடிப் போவார்கள். அந்தப் பெயரே இனங்காணும் விதி ஒன்றைச் சொல்கிறது: காய் இலைக்குக் கீழே இருக்கிறது, திருப்பிப் பார். அதே பேரினத்தில் ஒன்றையொன்று ஒத்த செடிகள் பல உண்டு. அவற்றைப் பிரித்தறியப் பூவின் இதழ்களை எண்ண வேண்டும், காய் வழவழப்பா சொரசொரப்பா என்று தடவிப் பார்க்க வேண்டும். மேலிருந்து எடுத்த ஒரு படத்தில் இவற்றில் எது இருக்கிறது? படத்தில் இல்லாததை எந்தக் கணிதம் கண்டுபிடிக்கும்? எங்கள் ஆச்சிமார் இலையைத் திருப்பினார்கள், கசக்கி முகர்ந்தார்கள். சந்தேகம் வந்தால் பறிக்காமல் விட்டார்கள். கணினிக்குக் கற்பிக்க வேண்டியது அந்தச் சந்தேகத்தைத்தான்.

என்னை விஞ்ஞானத்தின் எதிரி என்று சிலர் எழுதக்கூடும். இல்லை. பிரான்சில் உருவான 'பிளான்ட்நெட்' செயலி இலையோடு பூ, காய், பட்டை ஆகியவற்றின் படங்களையும் ஏற்றுக்கொள்கிறது. ஒரே தீர்ப்பை வழங்காமல், பொருந்தக்கூடிய பெயர்களை மதிப்பெண்களுடன் வரிசைப்படுத்துகிறது. இது நேர்மையான வழி.

நாங்களும் அந்த வழியிற் போகலாம். எங்கள் பல்கலைக்கழகங்களின் தாவரவியல், விவசாய மாணவர்கள் எங்கள் வயல்களிலும் வேலியோரங்களிலும், மாரியிலும் கோடையிலும் படம் எடுக்கட்டும். தாவரவியல் அறிந்தவர்கள் பெயரை உறுதிசெய்து, ஊர்ப்பெயரையும் சேர்த்து, அத்தொகுப்பை எல்லோருக்கும் பொதுவில் வைக்கட்டும். பிறகு, பயிற்சிக்குப் படம் எடுக்காத வேறொரு மாவட்டத்துத் தோட்டத்தில் கணினியைச் சோதித்து, வரும் எண் எதுவாயினும் வெளியிடட்டும்.

பத்திரிகை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை 99 வீதம் என்று எவராவது வந்தால், எந்த இலையில், எங்கே எடுத்த படத்தில் என்று கேட்டுவிட்டுத் தலைப்பிடுங்கள். நான் கேட்காமல் இட்ட தலைப்புகள் போதும்.