கப்பலுக்கு முந்தின நாள்

ரயிலைத் தவறவிட்டவர் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். விமானத்தைத் தவறவிட்டவருக்கும், கையில் காசிருந்தால், அடுத்த விமானம் உண்டு. கப்பலைத் தவறவிட்டவருக்கு மிஞ்சுவது கடற்கரை மட்டுமே. சுற்றுலாக் கப்பல்களில் புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே ஏறும் வாயிலை மூடிவிடுகிறார்கள். அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் சொல்லும் புத்திமதி: ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். போகும் வழியில் பழைய நண்பர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

இந்தப் பழக்கம் புதிதல்ல. 1926இல் ஓடத் தொடங்கி, 1970களின் ஆரம்பம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த 'ரஜூலா' கப்பலும், அதன் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலும் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. துறைமுக ஊரில் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் பெட்டி படுக்கையோடு காத்திருந்தவர்கள் அன்று பிழைப்புக்காகப் போனவர்கள். 1985 தீ விபத்தோடு 'சிதம்பரம்' நின்றுபோனது. இன்று கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலேறுகிறவர் விடுமுறைக்காகப் போகிறார். ஆனால் நண்பர் வீட்டுக் கதவைத் தட்டுவது மட்டும் மாறவில்லை.

அந்த நண்பர் திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்மநாபசுவாமி கோயில் கோட்டையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய பகுதி அது. பூமியைக் கடலிலிருந்து மீட்ட வராகமூர்த்திக்கு அங்கே பழைய கோயிலும் பெரிய குளமும் உண்டு. விமான நிலையம் சில கிலோமீட்டர்தான். ஆனால் கப்பல் நிற்கும் கொச்சி, சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. பக்கத்திலேயே விழிஞ்ஞம் இருக்கிறதே என்றால், 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் துறைமுகம் சரக்குப் பெட்டகங்களுக்காகக் கட்டப்பட்டது. சுற்றுலாப் பயணிகளுக்கான 'சாகரிகா' முனையம் 2021இல் திறக்கப்பட்டது கொச்சியில்தான். கொச்சிக்கென்று நெடும்பாச்சேரியில் தனி விமான நிலையமும் இருக்கிறது. ஆகவே ஒருவர் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறார் என்றால், அது நண்பருக்காகத்தான். குறைந்தபட்சம் நண்பர் அப்படித்தான் நினைத்துக்கொள்வார்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஆண்டுக்கு இரண்டு நாள், மாலையில் சுமார் ஐந்து மணி நேரம், அங்கே விமானங்கள் இறங்குவதுமில்லை, ஏறுவதுமில்லை. பத்மநாபசுவாமி ஆராட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும் பாதை, ஓடுபாதையைக் குறுக்கே கடந்து போகிறது. உடைவாள் ஏந்தி அரச குடும்பத் தலைவர் நடந்துபோக, ஊர்வலம் கடலுக்குப் போய், நீராட்டு முடிந்து, தீவட்டி வெளிச்சத்தில் அதே வழியில் திரும்புகிறது. 1932இல் விமான நிலையம் தொடங்கப்பட்டபோதே, 363 நாள் பொதுமக்களுக்கு, இரண்டு நாள் பெருமாளுக்கு என்று மன்னர் சித்திரைத் திருநாள் சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. 2021இல் நிலையத்தின் நிர்வாகம் தனியார் கைக்குப் போன பிறகும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

இரண்டு விழாக்களின் பெயர்களும் தமிழ் வாசகர்களுக்குச் சுவாரசியமானவை: பைங்குனி, அல்பசி. மலையாள மாதக் கணக்கில் இவை மீனமும் துலாமும். கோயில் மட்டும் நம்முடைய பங்குனியையும் ஐப்பசியையும் சற்றே திரிந்த வடிவில் விடாமல் வைத்திருக்கிறது. தேதி ஆண்டுதோறும் மாறும். விமான நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்தியில் நேரம் மாறிவிட்டது என்று மட்டும்தான் இருக்கும். காரணத்தையும், அன்று கோட்டையிலிருந்து வள்ளக்கடவு வரை எந்தெந்தத் தெரு அடைக்கப்படும் என்பதையும் சொல்லக்கூடியவர் ஸ்ரீவராகத்து நண்பர். டிக்கெட் எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. எந்த முனையத்தில் இறங்கப்போகிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு முனையம் கடற்கரைப் பக்கம் சங்குமுகத்தில், இன்னொன்று ஓடுபாதைக்கு மறுபுறம் சாக்கையில். இடம் மாறிப் போய் நின்றால் சுற்றிக்கொண்டு வரவேண்டியவர் நண்பர்தான்.

அந்த நண்பருக்கு வயதாகிவிட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.6 சதவீதம். நாட்டிலேயே அதிகம் அதுதான். பிள்ளைகள் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்க, பெரிய வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். நள்ளிரவு விமானத்தில் வருகிறவருக்காக அவர்கள் தூங்காமல் விழித்திருப்பார்கள். மறுநாள் அதிகாலையிலேயே எர்ணாகுளம் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று விருந்தாளி கிளம்பினால், அதற்கும் முன்பே எழுந்து காப்பி போடுவார்கள். வந்தவருக்கு மிச்சமானது ஓட்டல் வாடகை. வீட்டுக்காரர்களுக்குப் போனது இரண்டு இரவுத் தூக்கம். "ரெண்டு நாளாவது இருந்துட்டுப் போகப்படாதா?" என்று வாசலில் கேட்பது உபசார வார்த்தை அல்ல.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழி, அதிகம் தங்கிவிடும் விருந்தாளிக்கு எச்சரிக்கையாகப் பிறந்தது. இன்று குறை நேர்மாறானது. மூன்று நாள் யாரும் தங்குவதில்லை. கப்பலுக்குப் பாதுகாப்பாக ஒதுக்கிய ஒரு நாளை 'உங்களைப் பார்க்கத்தான் வந்தோம்' என்று சொல்லிக் கொடுப்பது பழைய நட்புக்கு அழகல்ல. கணக்கைச் சொல்லிவிடலாம்: கப்பல் இன்ன தேதியில், அதற்கு முன் உங்களோடு இத்தனை நாள். பயணக் கணக்கும் இதையே சொல்கிறது. வந்தே பாரத் ரயிலிலேயே எர்ணாகுளத்துக்குச் சில மணி நேரமாகிறது. கப்பலேறும் நாள் காலையில் ஸ்ரீவராகத்திலிருந்து கிளம்புவது, 200 கிலோமீட்டரையும் மழையையும் நம்பிப் பந்தயம் கட்டுவதாகும். இரண்டு நாள் நண்பர் வீட்டில் தங்கி, முந்தின நாளே கொச்சி போய்ச் சேருவதுதான் சரி. அப்படிச் செய்தால் ஒரு சாயங்காலமாவது குளக்கரைப் பக்கம் நடந்து, விட்டுப்போன பேச்சைத் தொடரலாம்.

கிளம்பும்போது நண்பரின் மனைவி நேந்திரங்காய் வறுவலும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக்கொடுப்பார். பல கப்பல்களில் வீட்டில் செய்த தின்பண்டத்தை உள்ளே விடுவதில்லை. அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது, வாங்கிக்கொண்டு போய்த் துறைமுகத்துக் குப்பைத்தொட்டியில் போடுவதைவிட மரியாதை. "திரும்பி வரும்போது வாங்கிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வந்தும் விட்டால் இன்னும் மரியாதை.