கைப்பேசியின் பரண்

குழந்தை முதல் அடி எடுத்து வைக்கிறது. படம் பிடிக்கப் போனால் ‘இடம் இல்லை’ என்கிறது போன்! பரணை அடைப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்து குவியும் ‘குட்மார்னிங்’ படங்களும் வீடியோக்களும்தான். அதன் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ போய்ப் பாருங்கள். 5 எம்.பி.க்கு மேற்பட்டவை தனியே நிற்கும்; வேண்டாததைக் கழித்துக் கட்டுங்கள். (நாத்தனார் அனுப்பியதாயிற்றே என்று தயங்காதீர்கள். நீங்கள் அழித்தது அவருக்குத் தெரியாது!) தானாக இறங்குவதையும் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’விலேயே நிறுத்தலாம்.

குழந்தையின் படங்களில் மட்டும் ஜாக்கிரதை, சகோதரிகளே! கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அழித்தால் இரண்டு இடத்திலும் போய்விடும். ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ அழுத்தினால் போனில் மட்டுமே போகும். கை தவறி அழித்துவிட்டீர்களா? பதறாமல் அதன் குப்பைக்கூடையைத் திறவுங்கள். பேக்கப் ஆன படம் 60 நாள் வரை அங்கே கிடக்கும்.